மேட்டில் பிளவு, சுவரில் வயிறு: மலைச்சரிவு காட்டும் அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி, கூடலூர் பக்கம் வீட்டு மனை என்றால் பின்னால் வெட்டிய மேடு, முன்னால் கொட்டிய மண். இரண்டும் ஒரே மழையில் இரண்டு விதமாகக் கெடும். அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று தீர்மானிக்க உதவுவதுதான் கீழே உள்ள வழிமுறை. கொடைக்கானல் பக்கத்துக்கும் இது பொருந்தும். அங்கேயும் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடினமான பாறைதான். அது உளுத்து உண்டான மண்தான் மேலே இருக்கிறது.

எதையும் சரிசெய்யாமல் வெளியேற வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவெடுப்பது, மூட்டை அடுக்குவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது, அது உடைத்துக்கொண்டு வரும். ஓடை நீர் திடீரென்று செஞ்சேறாக மாறிக் கட்டைகளோடு வருவது. வேர்கள் அறும் சத்தம், கல்லோடு கல் உரசும் சத்தம். மேட்டுப் பிளவு மணிக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும்படி அகலுவது. தடுப்புச் சுவரின் அடியிலிருந்து மண் கலந்த நீர் பீறிடுவது.

வெளியேறும்போது ஓடைக் கரையோரமாக இறங்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நடந்து, ஓடைப் பள்ளத்திலிருந்து விலகிய மேட்டு முதுகுக்குப் போங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே சொல்லும்போது வீட்டு எண்ணோடு, சரிவுக்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன, சாலை எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாக் கோளாறுக்கும் அடியில் இருப்பது

செம்மண் மேடு கோடையில் செங்குத்தாக நிற்கும். நாலு மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டு, "பாருங்க, பாறை மாதிரி நிக்குது" என்பார்கள். ஈரம் குறைந்த மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் கொஞ்ச நீர், மண் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிப்பு காய்ந்த காலத்துக் கடன். ஐப்பசி மழையில் துளைகள் நிரம்பியதும் அது காணாமல் போகும். அதற்கு மேலும் நீர் சேர்ந்தால், நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளத் தொடங்கும். ஒட்டும் தன்மை குறைந்த மண்ணில், சரிவின் மேற்பரப்பு வரை நீர் ஏறி ஊடாக ஓடினால், சரிவைத் தாங்கும் வலிமை காய்ந்திருந்தபோது இருந்ததில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் சரிவைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கு இது அன்றாடப் பாடம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால்தான் மேலே தோண்ட முடிகிறது. சுரங்கத்தில் சரிவு அசைந்தால் அவர்கள் செய்வது மூன்று: தண்ணீரை வெளியேற்றுவது, மேட்டின் தலைப்பாரத்தைக் குறைப்பது, அடியில் பாரம் ஏற்றுவது. அதோடு அசைவை நாள்தோறும் அளப்பது. மலையில் நாம் பெரும்பாலும் செய்வது இவை எதுவுமில்லாமல் நேராகச் சுவர் கட்டுவது. வடிகால் இல்லாத சுவர் சரிவுக்கு மருந்தாகாது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது?

மழைக்காலமும் இடத்துக்கு இடம் மாறும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கவனம் வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரி, கேத்திக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் சரிந்ததும், 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து மாவட்டம் முழுக்கச் சரிந்ததும் வடகிழக்குப் பருவமழையில்தான். எந்த வேலையும் உங்கள் பக்கத்து மழைக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: மேட்டின் விளிம்பிலோ அதற்கு மேலோ தரையில் பிளவு

முதலில் அது எந்தப் பிளவு என்று பிரித்துப் பாருங்கள். வலைபோல் நாலாபுறமும் ஓடி, ஒரு விரல் ஆழத்துக்கு மேல் போகாமல், முதல் மழையில் மூடிக்கொள்வது வெயிலில் காய்ந்த வெடிப்பு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வெட்டிய தரையும் கொட்டிய தரையும் சேரும் கோட்டில் நேராக ஓடுவது கொட்டிய மண் அமுங்குவதால் வருவது. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறது. சரிவின் விளிம்புக்கு இணையாக ஓடி, இரண்டு முனைகளும் பள்ளத்தை நோக்கி வளைந்து பிறை வடிவில் இருந்தால் அதுதான் ஆபத்தான பிளவு. பள்ளப் பக்கத் தரை அரை அங்குலம் இறங்கிப் படிபோல் ஆகியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அடியில் மண் நழுவத் தொடங்கிவிட்டது. 8 மி.மீ. கம்பியைப் பிளவுக்குள் விட்டுப் பாருங்கள். அரை மீட்டருக்கு மேல் தடையில்லாமல் இறங்கினால் அது காய்ந்த வெடிப்பு அல்ல.

அடுத்த வேலை அளவு. பிளவை மூடுவதற்கு முன் அளவுக்கம்பி நட வேண்டும், மூடிய பிறகு நட்டால் முதல் அசைவு கணக்கில் வராது.

12 மி.மீ. முறுக்குக் கம்பியை 75 செ.மீ. நீளத்தில் ஆறு துண்டு வெட்டுங்கள். பிளவின் நடுவில் ஒரு ஜோடி, இரண்டு முனைப் பக்கமும் ஒவ்வொரு ஜோடி. பிளவிலிருந்து இருபுறமும் அரை மீட்டர் தள்ளி அடித்து, கழுத்தைச் சுற்றிக் கான்கிரீட் போடுங்கள். கம்பித் தலையில் ரம்பத்தால் ஒரு கோடு கீறுங்கள். அளவு எப்போதும் கோட்டிலிருந்து கோட்டுக்கு. துணி டேப் வேண்டாம், எஃகு டேப்தான். ஒரே டேப், ஒரே ஆள், காலையில் ஒரே நேரம். தூரத்தோடு, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து இரண்டு தலைகளின் உயர வித்தியாசத்தையும் குறியுங்கள், ஏனென்றால் சில சரிவுகள் அகலாமல் நேராக இறங்கும். கூடவே அன்றைய மழையளவையும் எழுதுங்கள். நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பாவைக் கூரை மறைக்காத இடத்தில் வைத்து, அதில் நிற்கும் நீரை ஸ்கேலால் மி.மீ. கணக்கில் அளந்தால் போதும். வானிலை ஆய்வு மையம் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை என்றும், 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை என்றும், 204.5 மி.மீ. முதல் அதிகனமழை என்றும் வகுக்கிறது. உங்கள் டப்பா எந்த வகையைக் காட்டுகிறது என்று தெரிந்தால் எச்சரிக்கைச் செய்திகளுக்கு அர்த்தம் இருக்கும்.

இந்த எண்களை வைத்து என்ன செய்வது? அசைவு எவ்வளவு என்பதைவிட அசைவு வேகமெடுக்கிறதா என்பதே முக்கியம். சுரங்கங்களில் வேகத்தின் தலைகீழைப் பார்ப்பார்கள். ஒரு நாளில் எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று எடுத்து, ஒன்றை அந்த எண்ணால் வகுத்து, கட்டம் போட்ட தாளில் நாள்வாரியாகப் புள்ளி வைப்பார்கள். உதாரணமாக முதல் நாள் 2 மி.மீ., இரண்டாம் நாள் 2.5, மூன்றாம் நாள் 3.3, நான்காம் நாள் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழ் எண்கள் 0.5, 0.4, 0.3, 0.2. புள்ளிகளைக் கோடாக நீட்டினால் ஆறாம் நாளில் பூஜ்யத்தைத் தொடும். அந்த நாளையொட்டிச் சரிவு விழும் என்று பொருள். கோடு கீழே இறங்கத் தொடங்கிவிட்டது என்று உறுதியான அன்றே, அதாவது மூன்றாம் புள்ளியிலேயே, வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆறாம் நாள் வரை உட்கார்ந்திருப்பதற்கான கணக்கு இது அல்ல. கோடு கிடையாகப் போனால் சரிவு ஒரே சீராக ஊர்கிறது. ஏறினால் அடங்குகிறது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பிங்ஹாம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் மாபெரும் சரிவு விழுந்தபோது ஒருவர்கூட இறக்கவில்லை. முன்பே அசைவை அளந்து ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. மெல்ல ஊரும் ஆழமான சரிவுக்குத்தான் இது பொருந்தும். மேலே ஒன்றரை இரண்டு மீட்டர் மண் மட்டும் நீரில் ஊறித் திடீரென்று வழித்துக்கொண்டு வரும் சரிவு, கம்பிக்கு எந்த முன்னறிவிப்பும் தராது. கேத்திப் பள்ளத்தாக்கில் தோட்டங்களில் பார்ப்பது பெரும்பாலும் அந்த வகை. அங்கே மழையளவுதான் எச்சரிக்கை.

அளவுக்கம்பி நட்டாயிற்று. இப்போது பிளவைக் கவனிக்கலாம். பிளவுக்குள் சிமெண்ட் பால் ஊற்றாதீர்கள். அடுத்த இரண்டு மி.மீ. அசைவில் அது வெடித்து, நீர் இறங்கப் புதிய வழி உண்டாகும். களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, 10 செ.மீ. அடுக்காகப் போட்டுக் கடப்பாரையின் தட்டை முனையால் இடித்து மூடுங்கள். மேலே சற்று மேடாக விட்டு, அதன்மேல் தார்ப்பாய் விரியுங்கள். தார்ப்பாய் பிளவிலிருந்து மேட்டுப் பக்கம் இரண்டு மீட்டராவது நீள வேண்டும். மேல் விளிம்பை மண்ணில் ஒரு சாண் புதைக்க வேண்டும், வெறுமனே கல் வைத்தால் அடியில் நீர் புகும். பிளவு வளரும், வாரம் ஒருமுறை மூடியதைப் பார்த்து மறுபடி இடிக்க வேண்டும்.

பிளவுக்கு மேலே மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி, மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பும் கால்வாய் வெட்டுங்கள். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் போதும். கால்வாய்க்கு உள்ளே கான்கிரீட் அல்லது கனமான பிளாஸ்டிக் தாள் கட்டாயம். பூசாத மண் கால்வாய், மேட்டின் தலையில் நீங்களே வெட்டி வைத்த ஊறல் குழி. கால்வாய் முடியும் இடத்தில் நீரை அப்படியே சரிவில் விட்டுவிடக் கூடாது. ஓடை வரை படிக்கால்வாயாகவோ குழாயிலோ கொண்டு சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மேட்டில் விட்டால் அடுத்த பிளவு அங்கே.

மேட்டின் தலையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, ஜல்லிக் குவியல், விறகு அடுக்கு எல்லாவற்றையும் அகற்றுங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். 5,000 லிட்டர் தொட்டி ஐந்து டன் பாரம். கசிந்தால் இரட்டைக் கேடு.

இவ்வளவுக்குப் பிறகும் தலைகீழ் எண்களின் கோடு கிடையாகவே இருந்து அசைவு தொடர்ந்தால், மண் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது. மேட்டைச் சாய்த்து வெட்டுவதா, கிடைக்குழாய் வடிகால் போடுவதா, மண் ஆணி அடிப்பதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. நீலகிரியில் சாலையோரச் சரிவுகளில் நெடுஞ்சாலைத் துறை மண் ஆணி அடித்துப் புல் வளர்க்கும் முறையைச் செய்திருக்கிறது. துளையிட்டு, 25 அல்லது 32 மி.மீ. கம்பியை உள்ளே விட்டு, சிமெண்ட் பால் நிரப்பி, முகப்பில் வலை கட்டுவார்கள். கம்பி, நழுவும் தளத்தைத் தாண்டி உறுதியான மண்ணில் ஊன்றியிருந்தால்தான் பலன். ஆகவே சில ஆணிகளை இழுத்துச் சோதிக்காமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: தடுப்புச் சுவர் வயிறு தள்ளுகிறது, அல்லது சாய்கிறது

மூன்று மீட்டர் உயரச் சுவரின் பின்னால் காய்ந்த மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அது தள்ளும் விசை ஏறக்குறைய 2.7 டன். அதே மண் முழுக்க நீர் நிறைந்து வெளியேற வழியில்லாமல் நின்றால் அது 6 டன்னை நெருங்கும். மண் அதேதான், கூடியது தண்ணீர் மட்டும். சுவரின் உயரம் மூன்றிலிருந்து நான்கு மீட்டர் ஆனால் கவிழ்க்கும் திருப்புவிசை 2.4 மடங்காகும். "இன்னும் மூணு வரி கல்லு மேலே ஏத்திடலாம்" என்று பழைய சுவரின் மேல் கட்டுவது ஏன் விழுகிறது என்பதற்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எங்கே வயிறு என்று பாருங்கள். சுவரின் உச்சியில் ஆணி அடித்துத் தூக்குக்குண்டு விட்டு, உச்சி, நடு, அடி மூன்று இடத்திலும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை எழுதி வையுங்கள். நடுவிலோ அதற்குக் கீழோ தள்ளினால் பின்னால் நீர் நிற்கிறது, அல்லது கல்லுக்குள் கட்டு இல்லை. உச்சி மட்டும் முன்னால் சாய்ந்தால் அடித்தளம் போதவில்லை. சுவர் நேராக நின்று மொத்தமாக முன்னால் நகர்ந்தால், சுவரும் சேர்ந்து நழுவுகிறது. மூன்றாவது வகைக்குச் சுவரைப் பழுது பார்ப்பது வீண். சரிவு சுவருக்கு அடியில் போகிறது.

பிறகு நீர் வெளியேறும் ஓட்டைகளைப் பாருங்கள். மழை பெய்து அரை நாளாகியும் ஓட்டைகள் காய்ந்திருந்து, கல் இணைப்புகள் மட்டும் ஈரமாக இருந்தால் ஓட்டைகள் அடைபட்டவை. சில சுவர்களில் குழாய் முன்பக்கம் தெரியும், பின்பக்கம் சாந்தில் முட்டி நிற்கும். கம்பியை விட்டுப் பாருங்கள். சுவரின் தடிமனைத் தாண்டிப் போகவில்லை என்றால் அது ஓட்டையே அல்ல.

அடைப்பை மழை நடுவில் எடுக்காதீர்கள். சுவர் அசையும்போது அதன் முன்னால் ஆள் நிற்கக் கூடாது. அப்போது செய்யக்கூடியது, மேலிருந்து வரும் நீரைத் திருப்புவதும், பின்மண் மேல் தார்ப்பாய் விரிப்பதும்தான். காய்ந்த காலத்தில் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, அடிவரிசையில் ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் நின்று துளையிடுங்கள். 100 மி.மீ. கோர் கட்டர் போதும். பிரேக்கர் வைத்து அதிரவிட்டால் தளர்ந்த கல் கழலும். துளைக்குள் 75 மி.மீ. பி.வி.சி. குழாயை விடுங்கள். சுவரைத் தாண்டி மண்ணுக்குள் போகும் அரை மீட்டரில் சிறு துளைகள் போட்டு, முனையை மூடி, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி சுற்றியிருக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் நீரோடு நுண்மண்ணும் வந்து பின்னால் பொந்து விழும். குழாய் வெளிப்புறம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். அடிவரிசை தரைக்கு ஒரு சாண் மேலே. குறுக்கும் நெடுக்கும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி.

தற்காலிகத் தாங்கல் வேண்டுமானால் அடியில் பாரம் வையுங்கள். 2 × 1 × 1 மீட்டர் கம்பிவலைக் கூண்டில் 15 முதல் 25 செ.மீ. கல் நிரப்பினால் ஒன்று மூன்றரை டன் வரும், நீரையும் விடும். சுவரின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு அடுக்கினால் கணிசமான ஆதரவு. மூங்கிலும் சவுக்குக் கம்பும் முட்டுக் கொடுப்பது இந்த எடைக்குத் தாங்காது.

புதிதாகக் கட்டுவதானால், பாரத்தால் நிற்கும் கருங்கல் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதி முதல் பத்தில் ஏழு பங்கு வரை. மூன்று மீட்டர் சுவருக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். இரண்டடி அகலத்தில் எழும்பும் சுவர் வேலி மட்டுமே. அடித்தளம் கொட்டிய மண்ணைத் தாண்டி வெட்டாத மண்ணில் ஒரு மீட்டராவது இறங்க வேண்டும். பின்னால் 30 முதல் 45 செ.மீ. அகலத்துக்கு 20–40 மி.மீ. ஜல்லி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே துணி, ஜல்லியின் அடியில் துளைக் குழாய், உச்சியில் ஓரடி களிமண் மூடி. சாந்து இல்லாமல் அடுக்கும் பழைய கருங்கல் சுவர்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். சுவரின் தடிமன் முழுக்க நீளும் கல் வரிசைக்கு வரிசை இருந்தால் உடல் முழுக்கவே நீரை விடும் சுவர் அது. அதன் முகப்பைச் சிமெண்ட் பூசி "பலப்படுத்துவது" அதன் ஒரே பலத்தைப் பறிப்பதாகும். மண் மேட்டின் முகத்தை வடிகால் இல்லாமல் சிமெண்ட் பூசி மூடுவதும் இதே தவறு.

அறிகுறி: மேட்டின் அடியில் புதிதாகக் கசிவு

கசிவு தெளிந்த நீரா, கலங்கலா? தெளிந்த நீர் வெளியேறுவது நல்லது, அதை அடைக்காதீர்கள். குழாய் வைத்து வழி பண்ணுங்கள். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது. கசிவு வாயில் துணி விரித்து, மேலே மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்கி, நீரை விட்டு மண்ணைத் தடுங்கள். எப்போதும் வரும் ஊற்று மழைக்காலத்தில் திடீரென்று நின்றால் அது புதுக் கசிவைவிட மோசம். உள்ளே வழி நசுங்கி நீர் தேங்குகிறது.

அடுத்து, யாருடைய தண்ணீர் என்று பாருங்கள். மழை இல்லாத வாரத்திலும் கசிந்தால் வீட்டுத் தண்ணீராக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 500 லிட்டர் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்குப் போனால், ஆண்டுக்கு 180 டன்னுக்கு மேல் நீரை மேட்டுக்குள் நீங்களே செலுத்துகிறீர்கள். மாட்டுக்கொட்டகை, பன்றிக்கொட்டகை கழுவும் நீரும் இப்படித்தான். சோதனை எளிது. கசிவு நீரை ஒரு டி.டி.எஸ். மீட்டரில் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) அளந்து எழுதுங்கள். சந்தேகப்படும் தொட்டியிலோ குழியிலோ இரண்டு கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, காலை மாலை கசிவை அளந்துகொண்டே வாருங்கள். எண் ஏறி, பிறகு இறங்கினால் வழி அதுதான். இரண்டு வாரத்துக்கு எண்ணில் மாற்றமே இல்லை என்றால் வேறு இடத்தைத் தேடுங்கள். குடிநீர்க் குழாய்க் கசிவுக்கு, இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்துத் தொட்டி மட்டத்தைக் குறித்து விடியலில் பாருங்கள்.

உறிஞ்சுகுழி மேட்டின் தலையில் இருந்தால் தள்ளி வைப்பதைவிடக் கழிவுநீரைக் குழாயில் சரிவின் அடிக்குக் கொண்டுபோய் அங்கே குழி போடுவதே சரி. கூரை நீரும் அப்படியே. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பத்து டன் தண்ணீர். அது சொட்டுச் சொட்டாகப் பின்மேட்டின் அடியில் விழுந்துகொண்டிருக்கிறதா என்று மழையில் குடை பிடித்துப் போய்ப் பாருங்கள்.

அறிகுறி: மரங்கள் சாய்கின்றன, கதவு இறுகுகிறது

அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரம், பல ஆண்டாக மண் மெல்ல ஊர்வதைக் காட்டும். நேரான மரங்கள் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்தால் அது புது அசைவு. மின்கம்பி ஒரு பக்கம் தொய்ந்து மறுபக்கம் விறைப்பதும், மூடிய கதவு மழைக்காலம் முடிந்தும் இறுகியே இருப்பதும் அதே செய்தி. மேலே போய்ப் பிறைப் பிளவைத் தேடுங்கள்.

விளிம்பில் உயர்ந்து நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காற்றில் ஆடி மண்ணைத் தளர்த்தும். அதை வெட்டினால் வேர் சில ஆண்டுகளில் மக்கிப் பிடிப்பு போகும். வெட்டிய உடனே ஒன்றும் ஆகாது, பல மழை தாண்டிய பிறகு சரியும். ஆகவே வேரைப் பிடுங்காமல் முழங்கால் உயரத்தில் வெட்டித் துளிர்க்க விட்டு, இடையே வேறு வேர்கள் பிடிக்கும்படி முன்கூட்டியே நடுங்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வெட்டிவேர் நல்ல துணை. சமமட்ட வரிசையில் 10–15 செ.மீ.க்கு ஒரு தூர். ஆனால் உறைபனி விழும் ஊட்டிப் பள்ளங்களில் அது திணறும். அங்கே உள்ளூர்ப் புல்லே மேல். எந்த வேரும் ஐந்து மீட்டர் ஆழத்தில் நழுவும் மண்ணைப் பிடிக்காது.

அறிகுறி: மேட்டு முகத்தில் உருண்டைப் பாறை துருத்துகிறது

சார்னோகைட் உளுக்கும்போது நடுவில் உளுக்காத உருண்டைகள் மண்ணுக்குள் தங்கிவிடும். சுற்றி மண் கரைந்தால் அவை கழன்று விழும். பாறையின் அடியில் ஒரு விரல் சந்து தெரிந்தாலே அதற்கு நேர்கீழே இருக்கும் அறையில் படுக்காதீர்கள். அடியில் கல் செருகிச் சாந்து வைத்துத் தாங்கலாம், அப்போதும் நீர்க்குழாய் விட வேண்டும். உடைப்பதானால் வெடி வைப்பது மேட்டையே அசைக்கும்; துளையில் ஊற்றினால் விரிந்து பிளக்கும் ரசாயனப் பொடியே ஏற்றது. உருண்டைகளுக்கு நடுவே வழவழப்பான வெளிர் களிமண் பட்டையோ கரும்பூச்சுப் படிந்த பழைய விரிசல் தளமோ பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து தெரிந்தால், அதன் சாய்வைப் பொறியாளரிடம் காட்டுங்கள். சரிவு பெரும்பாலும் அந்தத் தளத்தில்தான் போகும்.

அறிகுறி: முன்வாசல், கொட்டிய தரை இறங்குகிறது

வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் தள்ளி மனையை அகலப்படுத்தும்போது மூன்று தவறுகள் ஒன்றாக நடக்கும்: அடியில் புல்லும் புதரும் அப்படியே புதையும், சரிவில் படி வெட்டாமல் வழவழப்பான பரப்பில் மண் உட்காரும், அடுக்கடுக்காக இடிக்கப்படாது. புதைந்த புல் மக்கியதும் அதுவே நழுவும் தளம். இறக்கம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் அமுங்கல் மட்டும். தரை விளிம்பு பக்கம் சாய்ந்து, நேர்ப்பிளவு வளைந்து பிறையாக மாறினால் நழுவல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஓடை, ஊற்று, சதுப்பு ஆகியவற்றின் மேல் கொட்டுவது. வேல்ஸின் அபர்ஃபானில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேட்டை ஊற்றின் மேல் குவித்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலை அது சேறாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். மனையில் எங்கேயாவது ஆண்டு முழுக்க ஈரமோ நாணலோ இருந்திருந்தால், வாங்கும் முன்பே அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஏற்கெனவே கொட்டியிருந்தால், சரிவின் அடியிலிருந்து பள்ளம் வெட்டி, கல்லும் துளைக் குழாயும் போட்டு நீருக்கு வழி கொடுப்பது முதல் வேலை. தரையை மீண்டும் மண் போட்டு நிரவுவது கடைசி வேலை. முதலில் செய்தால் ஏற்கெனவே நழுவும் மண்ணின் தலையில் பாரம் ஏற்றுகிறீர்கள்.

அறிகுறி: படித்தோட்டத்தில் திட்டுத்திட்டாக வழிகிறது

கேரட், உருளைக்குப் பாத்தியை மேலிருந்து கீழாக ஓட்டினால் கிழங்கு அழுகாது, மண் போகும். சமமட்டத்தில் ஓட்டினால் நீர் நின்று ஊறும். இரண்டுக்கும் நடுவே, பாத்தியை லேசான வாட்டத்தில் குறுக்காக ஓட்டி, ஓரத்தில் கல் பாவிய வாய்க்காலில் சேர்ப்பதே வழி. படிகளின் கல் அணைப்பில் கல் விழுந்தால் அதே வாரம் எடுத்து வையுங்கள்.

அறிகுறி: சரிந்த மண்ணை அள்ள அள்ள மேலும் சரிகிறது

சரிந்து அடியில் கிடக்கும் மண் இப்போது மேட்டுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது. பொக்லைன் வந்து அதை அடியிலிருந்து அள்ளினால் மேலே இருப்பது மறுபடி இறங்கும். நீலகிரியில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. அவசரத்தில் அனுமதி இல்லாமல் இறக்கினால் சட்டச் சிக்கலோடு இந்தச் சிக்கலும் சேரும்.

முதலில் மேலே போய், சரிந்த முகத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருக்கும் மண்ணையும் வேரோடு சாய்ந்த மரத்தையும் மேலிருந்தே இறக்குங்கள். முகத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். ஆபத்து அடங்கி, மழை நின்று, அளவுக்கம்பி ஒரு வாரம் அசையாமல் இருந்த பிறகு அடிமண்ணை அள்ளத் தொடங்கலாம். மொத்த நீளத்தையும் ஒரேயடியாக அள்ளாமல் இரண்டு மூன்று மீட்டர் பட்டையாக எடுங்கள். ஒரு பட்டையை அள்ளி, அங்கே கூண்டோ சுவரோ வைத்து முடித்த பிறகு, அதை அடுத்த பட்டையைத் தொடாமல் ஒன்று விட்டு ஒன்றாகப் போங்கள். வேலை நடக்கும்போது மேலே ஒரு ஆள் பிளவைப் பார்த்துக்கொண்டு விசிலோடு நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.